காகிதக்கூழ் வெளுப்பில் நீர் மாசைக் குறைக்கும் வழிகள்: எதை முதலில் செய்வது?

காகிதக்கூழ் ஆலை ஒன்று தன் வெளுப்புப் பிரிவிலிருந்து வெளியேறும் மாசைக் குறைக்க முடிவெடுக்கும்போது, பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நின்றுவிடுகிறது. குளோரின் டைஆக்சைடைக் கொண்டு வெளுப்பதா, குளோரின் சார்ந்த எந்த வேதிப்பொருளும் இல்லாமல் வெளுப்பதா என்பதே அந்தக் கேள்வி. அது முக்கியமான கேள்விதான். ஆனால் அதை முதலில் கேட்பதால்தான் பெருஞ்செலவில் செய்யப்படும் மாற்றங்கள் சிறு பலனோடு முடிந்துவிடுகின்றன என்பது என் உறுதியான எண்ணம். வெளுப்புக் கோபுரத்துக்குள் எவ்வளவு லிக்னின் நுழைகிறது, அந்தக் கூழ் எவ்வளவு நன்றாகக் கழுவப்பட்டு நுழைகிறது என்ற இரண்டையும் தீர்த்த பிறகே, எந்த வேதிப்பொருளைப் பயன்படுத்துவது என்ற விவாதம் பயன் தரும்.

இதற்கான காரணம் ஆலையின் அமைப்பிலேயே இருக்கிறது. மரத்தில் செல்லுலோஸ் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது லிக்னின். கிராஃப்ட் முறையில் மரச்சீவல்களைச் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்ஃபைடும் கலந்த கரைசலில் வேகவைக்கும்போது, லிக்னினின் பெரும்பகுதி கரைந்து கருந்திரவமாகப் பிரிகிறது. அந்தத் திரவம் ஆவியாக்கிக் கெட்டியாக்கப்பட்டு மீட்புக் கொதிகலனில் எரிக்கப்படுகிறது. ஆலைக்கு நீராவியும் மின்சாரமும் கிடைப்பதோடு, வேகவைக்கப் பயன்பட்ட வேதிப்பொருள்களும் திரும்பக் கிடைக்கின்றன. கூழில் மிஞ்சிய லிக்னின்தான் பழுப்பு நிறத்துக்குக் காரணம். அதை வெளுப்புப் பிரிவில் கரைத்து எடுக்கும்போது வடியும் நீரில் குளோரைடு கலந்திருப்பதால், அதைக் கொதிகலனுக்கு அனுப்ப முடிவதில்லை. அது கழிவுநீராகவே வெளியேறுகிறது. ஆக, ஒரு கிலோ லிக்னின் எந்த இடத்தில் கரைகிறது என்பதே அது எரிபொருளாகுமா, நீர்நிலைக்குச் சுமையாகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

குறைக்க வேண்டியவை எவை

1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் கூழாலைகளுக்குக் கீழே ஓடும் ஆறுகளின் மீன்களில் டையாக்சின் கண்டறியப்பட்டதும், இந்தத் துறை முழுவதும் தன் வெளுப்பு முறையை மறு ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. குளோரின் வாயு லிக்னினோடு வினைபுரியும்போது குளோரோஃபீனால்கள், குளோரோகுவாயகால்கள், டையாக்சின்கள், ஃபியூரான்கள் எனக் குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்கள் பல உருவாகின்றன. அவற்றுள் குளோரின் அணுக்கள் அதிகம் ஏறியவை எளிதில் சிதைவதில்லை. உயிரினங்களின் கொழுப்பில் தங்கி, உணவுச் சங்கிலியில் மேலே போகப்போகச் செறிவு கூடுகின்றன. 2001இல் ஏற்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, தனிமக் குளோரினைக் கொண்டு கூழ் தயாரிப்பதை டையாக்சின் உருவாகும் மூலங்களுள் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. ஹைப்போகுளோரைட் வெளுப்போ குளோரோஃபார்மைப் பெருமளவில் உண்டாக்குகிறது. இந்த இரண்டையும் நான் இங்கு ஒப்பிடப் போவதில்லை. அவற்றை இன்னும் பயன்படுத்தும் ஆலை, வேறு எதைச் செய்வதற்கு முன்பும் அவற்றைக் கைவிடத்தான் வேண்டும்.

மிஞ்சும் வழிகளை ஒப்பிட வெளுப்புக் கழிவுநீரின் சில அளவுகள் தேவை. முதலாவது ஏஓஎக்ஸ். கிளர்வூட்டிய கரியில் ஒட்டும் கரிம ஹாலஜன் சேர்மங்கள் அனைத்தையும் ஒரே எண்ணாகச் சொல்லும் அளவு இது. கூழாலையில் அது நடைமுறையில் கரிமக் குளோரினையே குறிக்கிறது. இரண்டாவது சிஓடி, நீரிலுள்ள கரிமப் பொருளை வேதிமுறையில் முழுதாக ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதை அது காட்டுகிறது. இவற்றோடு நிறம், நீரின் மொத்த அளவு, குளோரேட் என்ற உப்பு, உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் பிணைப்பிகள் ஆகியவையும் கணக்கில் வர வேண்டும். விவாதம் ஏஓஎக்ஸ் ஒன்றை மட்டும் சுற்றி நடந்தால் மற்றவை கண்ணில் படாமல் போய்விடும். ஏஓஎக்ஸ் என்பது கொடிய சேர்மத்தையும் தீங்கு குறைந்த சேர்மத்தையும் ஒரே எடையில் எண்ணும் கூட்டுத்தொகை. அது பெரிதாக இருந்தால் ஆபத்து உறுதி, ஆனால் மிகச் சிறிதாக இருக்கும்போது அதை மேலும் குறைப்பதால் மீனுக்கு எவ்வளவு நன்மை என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

வெளுப்புக்கு முன்பே லிக்னினை எடுப்பது

கூழில் மிஞ்சியிருக்கும் லிக்னினைக் கப்பா எண் என்ற அளவால் சொல்வது ஆலை வழக்கம். கப்பா எண்ணை 0.15ஆல் பெருக்கினால் லிக்னினின் விழுக்காடு ஏறத்தாழ வந்துவிடும். வழக்கமான முறையில் வேகவைத்த ஊசியிலை மரக்கூழின் கப்பா எண் 30 என்றால், டன்னுக்குச் சுமார் 45 கிலோ லிக்னின் வெளுப்புக்குள் நுழைகிறது. அகன்ற இலை மரங்களின் கூழில் இந்த எண் 15 முதல் 20 வரை இருக்கும்.

இதைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு. வேகவைக்கும் கரைசலைப் பல கட்டங்களில் பிரித்துச் செலுத்தி, காரத்தின் செறிவைச் சீராக வைத்து, இழையின் வலிமையைக் கெடுக்காமல் லிக்னினை இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கரைப்பது முதல் வழி. புதிய கலன் அமைக்கும் ஆலைக்கு இது மிகப் பொருத்தம். பழைய கலனை மாற்றியமைப்பதோ சில இடங்களில் எளிது, சில இடங்களில் இயலாது.

இரண்டாவது ஆக்சிஜன் லிக்னின் நீக்கம். வேகவைத்துக் கழுவிய கூழைக் கார ஊடகத்தில், அழுத்தத்தில், 85 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் ஆக்சிஜனோடு வினைபுரியச் செய்கிறார்கள். ஆக்சிஜன் செல்லுலோஸையும் வெட்டிவிடும் என்பதால் இந்த முறை நெடுங்காலம் ஆய்வகத்தைத் தாண்டவில்லை. மெக்னீசியம் உப்பைச் சேர்த்தால் அந்தச் சேதம் குறையும் என்று 1960களில் தெரிய வந்த பிறகே நிலைமை மாறியது. 1970இல் தென்னாப்பிரிக்காவின் என்ஸ்ட்ரா ஆலையில் இது முதன்முதலில் தொழில்முறையில் இயங்கியது. ஒரே கட்டத்தில் லிக்னினில் 40 முதல் 50 விழுக்காடும், இரண்டு கட்டமாக அமைத்தால் அதைவிடக் கூடுதலாகவும் நீக்கலாம். இதில் வடியும் நீரில் குளோரைடு இல்லை. அதனால் அதைக் கொண்டே முந்தைய கட்டக் கூழைக் கழுவி, கரைந்த லிக்னின் முழுவதையும் மீட்புக் கொதிகலனுக்குக் கொண்டுபோக முடிகிறது.

மூன்றாவது வழி கழுவுதல். இதற்கு யாரும் விழா எடுப்பதில்லை. ஆனால் கூழோடு ஒட்டிக்கொண்டு வெளுப்புக்குள் வரும் கரைந்த கரிமப் பொருள், இழையிலுள்ள லிக்னினுக்கு முன்பாகவே வெளுப்பு வேதிப்பொருளைத் தின்றுவிடுகிறது. வேதிப்பொருளும் வீணாகிறது, கழிவின் சுமையும் கூடுகிறது. பழைய வெற்றிட உருளைக் கழுவிகளுக்குப் பதிலாகப் பிழிந்து கழுவும் அழுத்திகளை வைத்த ஆலைகளில் கூழோடு செல்லும் அழுக்கும் குறைகிறது, தேவைப்படும் நீரும் குறைகிறது. ஒரு கழுவிக்குச் செலவழிக்கும் பணம், அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பக் கிடைக்கிறது.

இந்த முன்வேலையின் அளவைக் காட்ட ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். முதல் வெளுப்புக் கட்டத்தில், கப்பா எண்ணை ஏறத்தாழ 0.2ஆல் பெருக்கினால் வரும் விழுக்காட்டு அளவில் செயல்படு குளோரின் (எந்த வடிவில் இட்டாலும் அதன் ஆக்சிஜனேற்றும் திறனைக் குளோரினின் எடையாகச் சொல்லும் அளவு) இடப்படுகிறது என்று கொள்வோம். உருவாகும் ஏஓஎக்ஸ், குளோரின் வாயுவாக இட்டதில் பத்தில் ஒரு பங்கு. குளோரின் டைஆக்சைடாக இட்டால் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு. இது ஆலைகளில் வெகுகாலமாகப் புழங்கும் தோராய விதி. கப்பா எண் 30 உள்ள கூழுக்கு டன்னுக்கு 60 கிலோ செயல்படு குளோரின் வேண்டும். அதை வாயுவாகவே இட்டால் ஏஓஎக்ஸ் 6 கிலோ. முழுவதையும் குளோரின் டைஆக்சைடாக மாற்றினால் 1.2 கிலோ. ஆக்சிஜன் கட்டத்தால் கப்பா எண்ணை 15க்கு இறக்கி, பிறகு குளோரின் டைஆக்சைடை இட்டால் 0.6 கிலோ. முதல் வழியாகச் சொன்ன பல கட்ட வேகவைத்தலையும் இரட்டை ஆக்சிஜன் கட்டத்தையும் சேர்த்துக் கப்பா எண்ணை 10க்குக் கொண்டுவந்தால் 0.4 கிலோ. உயிரியல் சுத்திகரிப்பு அதில் ஏறத்தாழப் பாதியை எடுத்துவிட்டால், ஆற்றுக்குப் போவது டன்னுக்கு 0.2 கிலோ அளவில் நிற்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் வெளுத்த கிராஃப்ட் கூழுக்கு வகுத்த மேல்வரம்பும் அதே 0.2 கிலோதான் என்பதைப் பார்க்கும்போது, அந்த வரம்பு எந்த உழைப்பின் தொடர்ச்சியாக எட்டப்படுகிறது என்பது விளங்கும். வேதிப்பொருளை மாற்றியது ஏஓஎக்ஸை ஐந்தில் ஒரு பங்காக்கியது. ஆனால் சிஓடியையும் நிறத்தையும் பெரும்பாலும் குறைத்தது கப்பா எண்ணின் இறக்கம்தான்.

இதற்குத் தடைகளும் உண்டு. ஆக்சிஜன் கட்டத்திலிருந்து திரும்பும் கரிமப் பொருள் மீட்புக் கொதிகலனின் சுமையைச் சில விழுக்காடு கூட்டுகிறது. கொதிகலன் ஏற்கெனவே முழுத் திறனில் ஓடிக்கொண்டிருந்தால், இந்தக் கூடுதல் சுமைக்காக ஆலையின் உற்பத்தியைக் குறைக்கவோ கொதிகலனைப் பெரிதாக்கவோ வேண்டிவரும். திட்ட மதிப்பீட்டில் பெரும்பாலும் விட்டுப்போகும் செலவு இதுதான். மேலும், கப்பா எண்ணை ஓரளவுக்கு மேல் இறக்கினால் கூழின் பாகுநிலை (செல்லுலோஸ் சங்கிலிகள் எவ்வளவு சிதையாமல் இருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு) வீழ்ந்து, காகிதத்தின் கிழிவு வலிமை குறையும்.

மீட்புக் கொதிகலனே இல்லாத ஆலைகளின் நிலை முற்றிலும் வேறு. வைக்கோல், கரும்புச் சக்கை போன்றவற்றைக் கூழாக்கும் சிறிய ஆலைகளில், சிலிக்காவின் தொல்லையாலும் உற்பத்தி அளவு சிறியது என்பதாலும் கருந்திரவம் பல நேரங்களில் எரிக்கப்படுவதில்லை. அங்கே ஆக்சிஜன் கட்டத்தை அமைப்பதால் லிக்னின் ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்கு மாறுமே ஒழிய, ஆற்றுக்குப் போகாமல் நிற்காது. அப்படிப்பட்ட ஆலை முதலில் கருந்திரவத்துக்கு வழி காண வேண்டும்; வெளுப்பு அதன் இரண்டாவது பிரச்சினைதான்.

குளோரின் டைஆக்சைடு

உலகில் வெளுக்கப்படும் வேதிக்கூழின் மிகப் பெரும்பகுதி இன்று இந்த வழியில்தான் வெளுக்கப்படுகிறது. பெயரில் குளோரின் இருந்தாலும், இது லிக்னினோடு நடந்துகொள்ளும் விதம் வேறு. குளோரின் வாயு லிக்னினின் வளையங்களில் நேரடியாக ஒட்டிக்கொள்கிறது. குளோரின் டைஆக்சைடோ முதன்மையாக ஆக்சிஜனேற்றம் செய்து வளையத்தை உடைக்கிறது. வினையின் போக்கில் கோபுரத்திலேயே சிறிதளவு ஹைப்போகுளோரஸ் அமிலம் உருவாவதால் ஏஓஎக்ஸ் முழுதாக மறைவதில்லை. ஆனால் உருவாகும் சேர்மங்களில் ஒன்றிரண்டு குளோரின் அணுக்களே இருக்கும், அவை எளிதாகச் சிதையும். குளோரின் வாயுவை அறவே விட்டு இதற்கு முழு மாற்றம் செய்த ஆலைகளின் கழிவில் டையாக்சின் அளவிடும் எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1998இல் வெளியிட்ட விதிகள், ஏற்கெனவே இயங்கும் கிராஃப்ட் ஆலைகளுக்கு இந்த முழு மாற்றத்தையே அடிப்படையாகக் கொண்டு, ஏஓஎக்ஸின் மாத சராசரியை டன்னுக்கு 0.623 கிலோ என வரையறுத்தன.

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வாயுவை லாரியில் ஏற்றிக் கொண்டுவர முடியாது. காற்றில் அதன் பங்கு பத்து விழுக்காட்டைத் தாண்டினால் வெடிக்கும் தன்மை கொண்டது. ஆகவே ஒவ்வொரு ஆலையும் சோடியம் குளோரேட்டிலிருந்து அதைத் தன் வளாகத்திலேயே உற்பத்தி செய்து, குளிர்ந்த நீரில் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே உற்பத்தி முறையின் தேர்வு பெரிதும் பொருட்படுத்தத்தக்கது. சில பழைய முறைகளில் துணை விளைபொருளாகக் குளோரினும் வருகிறது. அது கரைசலோடு சேர்ந்து வெளுப்புக் கோபுரத்துக்குப் போனால், எதைக் கைவிட்டோமோ அதுவே பின்வாசல் வழியாக வந்து சேர்கிறது. மெத்தனாலையோ ஹைட்ரஜன் பெராக்சைடையோ கொண்டு ஒடுக்கும் முறைகளில் குளோரின் மிகக் குறைவு. முழு மாற்றம் செய்துவிட்டோம் என்று அறிவிக்கும் ஆலையிடம், உற்பத்திக் கலன் எந்த வகை என்று கேட்பது அவசியம்.

இன்னொரு குறை குளோரேட். குளோரின் டைஆக்சைடின் ஒரு பகுதி வெளுப்பின்போது குளோரேட்டாக மாறிக் கழிவுநீரில் சேர்கிறது. 1980களில் ஸ்வீடனின் பால்டிக் கடற்கரையில், மோன்ஸ்டெரோஸ் என்ற இடத்திலுள்ள கூழாலையின் வெளியேற்றப் பகுதியில் பழுப்புக் கடற்பாசிகள் பரந்த பரப்பில் அழிந்துபோயின. ஆராய்ந்தபோது காரணம் குளோரேட் என்று தெரியவந்தது. மீன்களைப் பெரிதாகப் பாதிக்காத அளவிலேயே அது பழுப்புப் பாசிகளைக் கொன்றுவிடுகிறது; அந்தப் பாசிப் படுகைகளோ மீன் குஞ்சுகளின் புகலிடம். ஒரு மாசைக் குறைக்கக் கொண்டுவந்த பொருள் வேறொரு மாசைக் கொண்டுவந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நல்ல வேளையாக இதற்குத் தீர்வு எளிது: உயிரியல் சுத்திகரிப்பில் ஆக்சிஜன் இல்லாத ஒரு பகுதியை அமைத்தால், நுண்ணுயிரிகள் குளோரேட்டைச் சாதாரணக் குளோரைடாக ஒடுக்கிவிடும். ஆனால் அந்தப் பகுதியைத் திட்டமிட்டு அமைக்க வேண்டும். காற்றூட்டும் குளம் மட்டும் இருந்தால் அது தானாக நடக்காது.

அகன்ற இலை மரக்கூழை, குறிப்பாகத் தைல மரக்கூழை வெளுக்கும் ஆலைகளுக்கு மலிவான ஒரு வழி உண்டு. கப்பா எண்ணில் லிக்னினாகத் தோன்றுவதில் கணிசமான பங்கு, வேகவைக்கும்போது சைலான் என்ற மரச் சர்க்கரைச் சேர்மத்திலிருந்து உருவாகும் ஹெக்செனியூரோனிக் அமிலம் என்பது 1990களில் தெரியவந்தது. அதுவும் குளோரின் டைஆக்சைடை வீணாக்குகிறது. முதல் கட்டத்தை 85 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் நடத்தினாலோ, அதற்கு முன் சூடான அமிலக் கட்டம் ஒன்றைச் சேர்த்தாலோ, இந்த அமிலம் நீராற்பகுப்பால் சிதைந்துவிடும். வேதிப்பொருளும் மிச்சம், ஏஓஎக்ஸும் குறைவு. ஊசியிலை மரக்கூழுக்கு இதனால் கிடைக்கும் பலன் மிகச் சிறிது.

சைலானைச் சிதைக்கும் சைலனேஸ் நொதியை வெளுப்புக்கு முன் சேர்ப்பதும் செயல்படு குளோரினின் தேவையைப் பத்து முதல் இருபது விழுக்காடு வரை குறைக்க வல்லது. பெருமுதலீடு தேவையில்லை, கூழ்ச் சேமிப்புக் கோபுரத்திலேயே செய்துவிடலாம். கூழின் காரத்தன்மையையும் வெப்பத்தையும் நொதி தாங்கும் எல்லைக்குள் நாள்தோறும் வைத்திருப்பதுதான் கடினம்.

குளோரின் சார்ந்த எதுவும் இல்லாத வெளுப்பு

1990களின் தொடக்கத்தில் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் காகிதச் சந்தையில் குளோரின் அறவே கலவாத காகிதத்துக்கான கோரிக்கை வலுத்தபோது, வட ஐரோப்பிய ஆலைகள் சில ஆண்டுகளுக்குள் இந்த வழிக்கு மாறிக் காட்டின. ஆக்சிஜன், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஓசோன், பெரசெட்டிக் அமிலம் ஆகியவையே இதன் கருவிகள். ஏஓஎக்ஸ் பிரச்சினை இங்கு இல்லை, குளோரேட்டும் இல்லை, குளோரோஃபார்மும் இல்லை. ஒரு நீர்நிலைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

ஆயினும் சிஓடியைப் பொறுத்தவரை நிலைமை வேறு. ஒரே கப்பா எண்ணிலிருந்து தொடங்கினால் இரண்டு வழிகளிலும் கரைவது ஏறத்தாழ ஒரே அளவு லிக்னின்தான். பெராக்சைடைக் கடுமையான வெப்பத்திலும் காரத்திலும் பயன்படுத்தும்போது இழையின் சர்க்கரைப் பகுதியும் கொஞ்சம் கரைவதால் சுமை சற்றுக் கூடவும் செய்யலாம். மேலும், கூழிலுள்ள மாங்கனீசு, இரும்பு, செம்பு ஆகியவை பெராக்சைடைச் சிதைத்துவிடும் என்பதால் அவற்றை முன்கூட்டியே நீக்க இடிடிஏ, டிடிபிஏ போன்ற உலோகப் பிணைப்பிகளைச் சேர்க்க வேண்டும். இவை வழக்கமான உயிரியல் சுத்திகரிப்பில் எளிதில் சிதையாமல் நீர்நிலைக்குப் போய், வண்டலில் அடங்கிக் கிடக்கும் உலோகங்களைக் கரைத்து நடமாட விடக்கூடியவை. குளோரின் இல்லை என்ற முத்திரை, மாசே இல்லை என்ற பொருளைத் தருவதில்லை.

மின்சாரத்தைக் காட்டி ஓசோனை ஒதுக்குவது அடிக்கடி கேட்கும் வாதம். அது முழு நியாயமல்ல. ஒரு கிலோ ஓசோனை உண்டாக்கச் சுமார் 10 கிலோவாட்-மணி மின்சாரம் செலவாகிறது என்பது உண்மை. ஆனால் சோடியம் குளோரேட்டும் மின்பகுப்பால்தான் தயாராகிறது. ஒரு கிலோவுக்கு 5 முதல் 6 கிலோவாட்-மணி ஆகும். ஒரு கிலோ குளோரின் டைஆக்சைடுக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் குளோரேட் வேண்டும். ஆக்சிஜனேற்றும் திறனில் ஒரு கிலோ ஓசோன் ஏறத்தாழ 1.7 கிலோ குளோரின் டைஆக்சைடுக்கு ஈடு. கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஓசோனுக்குத் தேவையான ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் மின்சாரத்தைச் சேர்த்த பிறகும் ஓசோன் பின்தங்கவில்லை. ஓசோனின் மின்செலவு கூழாலையின் மீட்டரில் தெரிகிறது. குளோரேட்டின் மின்செலவு வேறொரு தொழிற்சாலையின் மீட்டரில் ஓடுகிறது. ஓசோனின் உண்மையான குறை வேறு: அது லிக்னினோடு நின்றுகொள்ளாமல் செல்லுலோஸையும் தாக்குகிறது. சீரற்ற கலவையில் ஓசோன் அதிகம் பட்ட இழைகள் வலிமை இழக்கின்றன. உறுதி மிக்க காகிதத்துக்கான ஊசியிலை மரக்கூழில் இது பெரிய விலை.

குளோரின் இல்லாத வழிக்கு இருக்கும் மிக வலுவான காரணம் ஏஓஎக்ஸ் அல்ல, நீர்ச்சுற்றை மூடும் வாய்ப்பு என்றே நான் கருதுகிறேன். வடிநீரில் குளோரைடு இல்லாதபோது, அதையும் மீட்புக் கொதிகலனுக்குக் கொண்டுபோக முடியும். சிஓடியும் நிறமும் சேர்ந்தே குறையும். குளோரைடோடு இதைச் செய்ய முயன்றால் என்ன நேரும் என்பதற்குக் கனடாவின் தண்டர் பே நகரில் நடந்த முயற்சி சான்றாக நிற்கிறது. அங்கே 1977இல் ஒரு கிராஃப்ட் ஆலை, குளோரின் சார்ந்த வெளுப்பின் வடிநீர் முழுவதையும் மீட்புச் சுற்றுக்குள் திருப்பிக் கழிவே இல்லாமல் இயங்கத் தொடங்கியது. குளோரைடு சுற்றுக்குள் திரண்டு கலன்களை அரித்தது. அந்த முறை சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. குளோரைடு மிகுந்தால் கொதிகலனுக்குள் படியும் சாம்பலின் உருகுநிலையும் தாழ்ந்து, அது பிசுபிசுப்பாகிப் புகை வழிகளை அடைத்துவிடும்.

குளோரின் இல்லாத வெளுப்பிலும் சுற்றை மூடுவது தடையின்றி நடந்துவிடுவதில்லை. மரத்தோடு வரும் கால்சியம் சுற்றுக்குள் திரண்டு, கால்சியம் ஆக்சலேட்டாக வடிகட்டிகளிலும் குழாய்களிலும் கெட்டியாகப் படிகிறது. மாங்கனீசு திரும்பி வந்து பெராக்சைடைக் கெடுக்கிறது. இவற்றை வெளியேற்ற ஒரு சிறு திறப்பு எப்போதும் வேண்டும். அதனால், சுற்றின் கணிசமான பகுதியை மூடும் உறுதியான திட்டத்தோடு வரும் ஆலைக்கே குளோரின் இல்லாத வழியை முழு மனத்தோடு பரிந்துரைப்பேன். வடிநீரைப் பழையபடி திறந்தே விட்டுக்கொண்டு வேதிப்பொருளை மட்டும் மாற்றும் ஆலை, குறைந்த கப்பா எண்ணோடு குளோரின் டைஆக்சைடைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் ஆலையைவிட நீர்நிலைக்குப் பெரிதாக எதையும் சாதித்துவிடாது. முதல் கட்டத்தில் ஓசோனையும் இறுதிக் கட்டத்தில் சிறிதளவு குளோரின் டைஆக்சைடையும் வைக்கும் கலப்பு வரிசை, இரண்டுக்கும் இடையே கவனிக்கத் தக்க தேர்வு. அதில் மிக அழுக்கான முதல் வடிநீரில் குளோரைடு இல்லாததால், அதை மட்டும் சுற்றுக்குள் திருப்ப முடிகிறது.

கடைசிக் குழாயில் செய்யும் சுத்திகரிப்பு

உயிரியல் சுத்திகரிப்பு இல்லாமல் எந்த வழியும் முழுமை பெறாது. நுண்ணுயிரிகள் நிறைந்த கசடைக் கழிவுநீரோடு கலந்து காற்றூட்டும் செயல்படு கசடு நிலையம் நன்றாக நடத்தப்பட்டால், பிஓடியில் (நுண்ணுயிரிகள் கரிமப் பொருளைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) 90 விழுக்காட்டுக்கு மேல் நீக்கிவிடும். உடனடி நச்சுத்தன்மையைப் பெருமளவு போக்கும். ஆனால் லிக்னினின் பெரிய மூலக்கூறுகள் நுண்ணுயிரிகளின் பல்லுக்கு அகப்படுவதில்லை. ஆகவே நிறம் அப்படியே நிற்கிறது, சிஓடியில் ஒரு பகுதியும் நிற்கிறது. மூன்றாம் கட்டமாக உப்புகளைச் சேர்த்து வீழ்படிவாக்கினால் நிறம் போகும். அதற்கு ஈடாக, நீரை எளிதில் விடாத கசடு மலைபோல் சேரும், அதைப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டியிருக்கும். இந்தக் கட்டம், மற்ற எல்லாவற்றையும் செய்த பிறகும் ஆறு மிகச் சிறியதாக இருப்பதால் நிறம் தென்படும் இடங்களுக்கு உரியது.

சுத்திகரிப்பின் எல்லையை வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியிலுள்ள ஜேக்ஃபிஷ் விரிகுடாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. அங்குள்ள கிராஃப்ட் ஆலைக்கு 1989இல் உயிரியல் சுத்திகரிப்பு வந்த பிறகும், உறிஞ்சிவாய் மீன்களில் தாமதமான இனமுதிர்ச்சி, சிறுத்த இனப்பெருக்க உறுப்புகள், குறைந்த ஹார்மோன் அளவுகள் தொடர்ந்தன. குளோரினால் வெளுக்காத ஆலைகளின் அருகிலும் இதையொத்த விளைவுகள் காணப்பட்டதால், மரத்திலிருந்தே கரையும் இயற்கைச் சேர்மங்கள் மீதும் ஐயம் விழுந்தது. கருந்திரவம் சிந்துவதையும், கழுவும் பிரிவில் தொட்டிகள் பொங்கி வழிவதையும் தடுப்பது வெளுப்பு வேதிப்பொருளைத் தேர்வதற்கு இணையான முதன்மை பெற வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே. ஒரு மணி நேரக் கசிவு, நுண்ணுயிரிகளை நிலைகுலையச் செய்து, பல நாள் சுத்திகரிப்பைக் கெடுத்துவிட முடியும். சிந்தியதைத் தேக்கி வைத்து மெல்லத் திருப்பி அனுப்பும் தொட்டி, ஓசோன் கலனோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு.

எந்த ஆலைக்கு எது

முதலில் கேட்க வேண்டியது, கூழ் எவ்வளவு வெண்மையாக இருக்க வேண்டும் என்பது. ஐஎஸ்ஓ அளவில் 80 வரை வெண்மையை ஏற்றுவது ஒப்பீட்டளவில் எளிது. 88, 90 என்று ஏறும் கடைசிப் படிகளே வேதிப்பொருளையும் இழை வலிமையையும் அதிகம் விழுங்குகின்றன. சிப்பம் கட்டும் காகிதத்துக்கும் துடைக்கும் தாளுக்கும் அந்தக் கடைசிப் படிகள் தேவையில்லை. வாங்குபவரின் விவரக்குறிப்பில் இரண்டு புள்ளிகளைக் குறைக்கச் சம்மதம் பெறுவது, முதலீடே இல்லாத மாசுக் குறைப்பு.

மீட்புக் கொதிகலனில் இடம் இருக்கும் ஆலைக்கு வரிசை தெளிவு: கழுவுதலைச் சீராக்குவது, ஆக்சிஜன் கட்டத்தை அமைப்பது, பிறகு குளோரின் வாயு கலவாத டைஆக்சைடு உற்பத்தி, அதனோடு குளோரேட்டை ஒடுக்கும் சுத்திகரிப்பு. கொதிகலன் நிறைந்திருக்கும் ஆலை, கழுவிகளையும் நொதியையும் அமிலக் கட்டத்தையும் கொண்டு இடைக்காலத்தைக் கடந்து, கொதிகலனைப் பெரிதாக்கும் ஆண்டிலேயே ஆக்சிஜன் கட்டத்தையும் சேர்த்துத் திட்டமிடுவது நல்லது. புதிதாக அமையும் ஆலை, குறிப்பாகச் சிறிய ஆற்றங்கரையிலோ மூடிய ஏரிக்கரையிலோ அமைவது, ஓசோனையும் பெராக்சைடையும் தொடக்கத்திலேயே கணக்கில் எடுக்க வேண்டும். குளோரைடு கலவாத சுற்றைப் பின்னால் மாற்றி அமைப்பதைவிட முதலிலேயே வடிவமைப்பது மிக எளிது. எந்த வரிசையைத் தேர்ந்தாலும், தன் சொந்தக் கூழை எடுத்து ஆய்வகத்தில் அந்த வரிசையில் வெளுத்து, வெண்மையை மட்டுமல்லாமல் ஒவ்வொரு கட்டத்தின் வடிநீரிலும் சிஓடி, ஏஓஎக்ஸ், நிறம் ஆகியவற்றை அளந்து பார்த்த பிறகே கருவிகளுக்கு ஆணை தர வேண்டும். மர வகை மாறினால் இந்த எண்களும் மாறும்.

ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கும் இதில் ஒரு தேர்வு உண்டு: எந்த இடத்தில் அளப்பது என்பது. 1998ஆம் ஆண்டின் அமெரிக்க விதிகள் டையாக்சின், ஃபியூரான், குளோரோஃபார்ம், குளோரோஃபீனால்கள் ஆகியவற்றை வெளுப்புப் பிரிவின் வாசலிலேயே அளக்கச் சொல்கின்றன. ஏஓஎக்ஸை மட்டும் இறுதி வெளியேற்றத்தில் அளக்கச் சொல்கின்றன. வெளுப்பு நீர் ஆலையின் மற்ற நீரோடு கலந்து நீர்த்துப்போன பிறகு எடுத்த மாதிரியில் டையாக்சின் தென்படாமல் போவது எளிது என்பதால் அந்தப் பிரிப்பு அவசியமாகிறது. அதே விதிகளில், வாயிலில் எடுக்கும் அந்த மாதிரிகள் அமில வடிநீருக்கும் கார வடிநீருக்கும் தனித்தனியாக எடுக்கப்படுகின்றன. இரண்டும் கலந்தால் குளோரோஃபார்ம் போன்ற ஆவியாகும் சேர்மங்கள் மாதிரிக் குப்பிக்கு வருமுன்பே காற்றில் கலந்துவிடக்கூடும்.